நீங்கிய காரணம்

கல்வி வரலாறு வேண்டுமாம், விழா மலருக்கு,
இரண்டு பக்கத்துக்கு மிகாமல், வெள்ளிக்கிழமைக்குள்.
குடியாத்தம் ஆபீசில்
பழைய பீரோவின் சாவி என் இடுப்பில் இருப்பதால்
வரலாறும் என் தலையில் விழுந்தது.

முதல் பதிவேட்டைப் பிரித்தேன். எலிப் புழுக்கை கொட்டியது.
ஜில்லா போர்டு பாடசாலை, வேப்பங்குட்டை.
அப்புறம் அதுவே பஞ்சாயத்து ஒன்றிய நடுநிலைப் பள்ளி.
வட ஆற்காடு என்றொரு முத்திரை,
அதன்மேல் வட ஆற்காடு அம்பேத்கர்,
அதன்மேல் வேலூர்.
முத்திரைக் கட்டை தேயத் தேய மாவட்டம் மாறியது.
ஓடு மட்டும் ஒரே இடத்தில் ஒழுகியது.
பழுது பார்க்கக் கேட்டு எழுதிய மனுக்கள் பதினொன்று,
நகல் இருக்கிறது.

ஜூன் ஒன்றாம் தேதி அந்த ஊரில்
நாற்பத்தொரு பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள்.
எபினேசர் வாத்தியார் ஆளை மேலும் கீழும் பார்த்து
பிறந்தநாளைத் தாமே வழங்கிவிடுவார்.
அவர்களில் ஒருவர் என் அப்பா.
அந்தத் தேதியை நம்பித்தான்
பால் பண்ணையில் அவருக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்.

கடைசிக் கட்டம்: நீங்கிய காரணம்.

பீடி.
பீடி.
தோல் ஷாப்.
தம்பி பிறந்தது.
பெங்களூரு, கட்டட வேலை.
பீடி.
வயதுக்கு வந்தமை.
கௌண்டின்யாவில் வெள்ளம், புத்தகம் போயிற்று.
தீப்பெட்டி ஆபீஸ்.
ஒரே ஒரு இடத்தில், பென்சிலில், தெலுங்கில்:
'அடித்தேன். அதன்பின் வரவில்லை.'
உருது வகுப்புக்குத் தனிப் பதிவேடு,
வலது பக்கமிருந்து புரட்ட வேண்டும்.
எனக்குத் தெரியாத எழுத்து. தஸ்தகீரைக் கூப்பிட்டேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரல் வைத்துப் படித்தான்:
'பீடி, சார்.'

சமுதாயக் கல்லூரிக்கு வரலாறு சின்னது.
பேரணாம்பட்டு ரோட்டில் மூடிப்போன தோல் கிடங்கு ஒன்று,
யாரோ தந்த பன்னிரண்டு தையல் மெஷின்,
அதில் ஓடியவை ஒன்பது.
மழை பெய்தால் இன்றைக்கும் சுவரிலிருந்து
ஆவாரம்பட்டை வாசனை இறங்கி வந்து
முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே சேரத்தான் போன ஜூலையில் அந்தப் பெண் வந்தாள்.
'முதியோர் பராமரிப்பு, ஆறு மாசம் சார்.
ரெக்கார்டு ஷீட் கேக்கறாங்க.'
பீடி முனையை மடிக்கிற கட்டைவிரல் நகம் மட்டும் நீளம்.
எண் 614. கோ. அம்சவேணி. ஏழாம் வகுப்பு, 1991.
கணக்கில் எண்பத்தெட்டு.
நீங்கிய காரணம்: காலி.

காலியாக விட்டால் ஷீட் தர முடியாதும்மா,
ஏன் நின்றாய் சொல்லு என்றேன்.
'நான் எங்க சார் நின்னேன்?
கணக்கு வாத்தியார் மாத்தலாகிப் போனாரு.
அடுத்தவர் வர எட்டு மாசம்.
மழையில ஓடு விழுந்திச்சு, லீவு உட்டாங்க,
லீவு முடிஞ்சிதுன்னு சொல்ல யாரும் வரல.
பள்ளிக்கூடந்தான் சார் என்ன உட்டு நின்னுச்சு.
அப்பிடி எழுதலாமா?'

கட்டம் ஒரு கட்டைவிரல் அகலம்.
ஷீட்டில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி
சீல் வைத்துக் கொடுத்தேன்.
இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதுதான் உறுத்தியது.

விவரம் எடுக்க நேற்று கல்லூரிக்குப் போனேன்.
என் கையைப் பிடித்துப் பட்டை சுற்றி
பல்பை அமுக்கி அமுக்கிக் காற்றேற்றினாள்.
சுற்றிலும் தங்கச்சி வயதுப் பெண்கள்
நோட்டில் எண் குறிக்கக் காத்திருந்தார்கள்.
'நூத்தி அம்பது சார். உப்பக் கொறைங்க.'

இரண்டு பக்கமும் அனுப்பியாயிற்று:
இத்தனை பள்ளி, இத்தனை வகுப்பறை, இத்தனை சதவீதம்.
'நிறைவாக உள்ளது' என்று பதில் வந்தது.
பீரோவைப் பூட்டும் முன்
614-ஐத் திறந்து, பென்சில் சீவி,
அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன்.
கட்டத்தில் கொள்ளவில்லை.
கோட்டைத் தாண்டி வழிந்து
615-இன் பீடிமேல் ஏறிக்கொண்டது.