மெல்ல

தொரிதாமாவில் யாரும் நூலைக் கத்தரிப்பதில்லை.
கத்தரியைத் தேடி எடுக்கிற நேரத்தில்
இன்னொரு பாக்கெட் தைத்துவிடலாம்,
பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு சென்டாவோ.
பதினேழு வயதிலிருந்து பல்லால்தான் அறுத்தேன்,
ஜீன்ஸின் ஆரஞ்சு நூல்,
மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல்.
நூலுக்கென்றே அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அப்போது நூற்று முப்பத்தொரு கிலோ.
நாற்காலி உடைத்த மரினால்வா என்றால்
தெருவில் வழி காட்டுவார்கள்.
ரெசிஃபே அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நாலு வருஷம்,
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
வயிற்றை முட்டை அளவுக்கு விட்டு
மிச்சத்தை ஒதுக்கித் தைத்தார்கள்.
நல்ல தையல். ஐந்து சின்னத் துளை.
தொழில்காரி நான், பார்த்தால் தெரியாதா.

வீட்டுக்கு அனுப்பும்போது
உணவு ஆலோசகர் சொன்னார்:
ஒவ்வொரு வாயையும் முப்பது முறை மெல்லுங்கள்,
மெல்ல மெல்லுங்கள்.
இனி வயிறு அரைக்காது.
பல்தான் உங்களுக்கு வயிறு.

மென்றேன்.
அவித்த சோளமாவை மென்றேன்,
கோழியை நார்நாராக மென்றேன்,
அம்மா தண்ணீரையும் மெல்கிறாள் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.
இருபத்தெட்டில் அவசரப்பட்டு விழுங்கினால்
எல்லாம் திரும்பி வந்தது.
வந்த கையோடு பல் துலக்குவேன்.
சுத்தக்காரி.
புளிப்பு போகும்வரை அழுத்தித் துலக்குவேன்,
நாளைக்கு மூன்று தடவை, சில நாள் ஐந்து.

உடம்பு இறங்கியது.
நின்று பேசாதவர்கள் எல்லாம் நின்று பேசினார்கள்.
சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள்.
மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து
கருவாரு சந்தைக்குப் போய்வந்தேன்.
பழைய ஜீன்ஸில் ஒரு காலை மட்டும் பிரித்து
எனக்கு முழுப் பாவாடை தைத்தேன்.

பல் தேய்ந்ததை யாரும் எடை பார்க்கவில்லை.

முதலில் குளிர்ந்த நீர் கூசியது. பிறகு காற்று.
பதினான்காம் மாதம், ஜூன் திருவிழாவுக்கு
ஆர்டர் குவிந்த வாரத்தில்,
ஆரஞ்சு நூலைக் கடித்தேன்.
நூல் அப்படியே இருந்தது.
பல் போனது.
உள்ளங்கையில் துப்பிப் பார்த்தேன்,
சுவரில் பெயர்ந்த சுண்ணாம்புபோல.
கால் மட்டும் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் கிளேபருக்கு முப்பது வயதுகூட இருக்காது.
விளக்கை வாய்க்குள் திருப்பி எண்ணிக்கொண்டே போனார்,
ஏழில் நிறுத்தினார்.
யாரும் சொல்லவில்லையா, என்றார்.
வாந்தி எடுத்த உடனே துலக்கக் கூடாது,
அமிலத்தில் ஊறிய பல் ஈரச் சுவர்,
தேய்த்தால் கையோடு வரும்.
சோடா உப்பு நீரில் கொப்பளித்துவிட்டு
அரை மணி நேரம் சும்மா இருக்கணும்.

பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள்.
அந்த அரை மணி நேரம் அதில் இல்லை.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறேன்
(எனக்கு இது வெறும் சொல்வழக்கு இல்லை).
ஒரு பல்லுக்குப் பத்தாயிரம் பாக்கெட்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்கிறாள் அக்கா.
எந்தப் பல்லை, என்று கேட்டேன்.

வருத்தமா என்றால், இல்லை.
முழங்கால் என் பேச்சைக் கேட்கிறது.
மறுபடி கேட்டாலும் அதே படுக்கையில் ஏறிப் படுப்பேன்.
ஆனால் போட்டோ எடுக்கும்போது உதடு தானாக மூடிக்கொள்கிறது.
குண்டாக இருந்த போட்டோ எல்லாவற்றிலும்
வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

எதிர் மெஷின் ஜோசெனில்தாவுக்குத் தேதி வந்துவிட்டது,
ஆகஸ்ட் பத்தொன்பது.
நான் நூலை நீட்டுகிறேன்,
அவள் குனிந்து கடித்துக் கொடுக்கிறாள்,
நுனியில் அவள் எச்சில் ஈரம்.
இன்று விடவில்லை, தாடையைப் பிடித்தேன்.
வாயைத் திற.
போவதற்கு முன்னால் கிளேபரிடம் போகணும்,
முதலில் நான் பார்க்கிறேன்.
மாடு வாங்க வந்தியாடி, என்று சிரித்தாள்
அத்தனையும் தெரிய.
முப்பதோ, இருபத்தொன்பதோ.
சிரிப்பை நிறுத்தினால்தானே எண்ண முடியும்.