இரண்டு பாகம், ஒரு அடி

பாம்பன் துறைமுக அலுவலகத்தில்
புயல் கூண்டு ஏற்றுவது என் வேலை.
கூண்டு இல்லாத நாட்களில்
சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
மூலையில், கரையான் விட்டுவைத்த இடத்தில்
ஒரு பெயர்: லெப்டினென்ட் ட்ரெகார்ன்.

பதின்மூன்று வயதில் கும்பினிக் கப்பலேறியவர்.
அவர் பீரங்கி வெடித்தது ஒரே ஒரு முறை,
ராஜாவின் பிறந்தநாளுக்கு.
மற்றபடி ஈயக்குண்டும் கயிறும்தான்.
மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே
ஏழு வருஷம் குண்டை இறக்கி, ஏற்றி
எண் எழுதினார்.

குண்டின் அடியில் ஒரு குழி உண்டு.
கொழுப்பு தடவி இறக்கினால்
கடலடி ஒட்டிக்கொண்டு வரும்,
மணலா, சேறா, சிப்பியா என்று.
பன்றிக்கொழுப்பென்றால் கயிற்றைத் தொடமாட்டேன்
என்றிருக்கிறார் கீழக்கரை மாலுமி சேகு நெய்னா.
ஒரு பகல் முழுக்க வேலை நின்றது.
மறுநாள் கணக்கேட்டில், துரையின் சாய்ந்த எழுத்தில்:
குங்கிலியம் அரை வீசை, நல்லெண்ணெய் கால் படி.
அப்புறம் மேலே வந்த மணலெல்லாம்
குங்கிலிய வாசம் அடித்திருக்கும்.

கச்சான் ஓய்ந்த ஒரு புரட்டாசியில்
அரிசிக் கப்பல் தரைதட்டியது.
இரண்டு பாகம் ஒரு அடி என்று அவர் எழுதிய இடத்தில்
இடுப்பளவுத் தண்ணீர்.
கப்பல்காரர்கள் இறங்கி நடந்தே வந்தார்கள்,
தலையில் மூட்டையோடு.

விசாரணை. ஒரு மேசை, மூன்று தொப்பி.
அந்த எண் பொய்யா என்று நெய்னாவைக் கேட்டார்கள்.
"அன்னைக்கு மெய்.
கடல் எதுலயும் கையெழுத்துப் போடலையே, தொரை."
மொழிபெயர்த்தவன் பாதியை விழுங்கினான்.
தமிழ் தெரிந்த ட்ரெகார்ன் மட்டும் சிரித்தார்.
சிரிப்பும் குறிப்பில் ஏறியது.

கேப்டன் பதவி வரவில்லை.
இன்னும் பதினெட்டு வருஷம் லெப்டினென்ட்,
அதே வத்தை, அதே உப்பேறிய கயிறு.
ஆனால் அதற்கப்புறம்
ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் தேதி போட்டார்.
சிலவற்றின் பக்கத்தில்: நெய்னா சொன்னது.
தேதியை விட்டுவிட்டு
இதை மட்டும் அடித்திருக்கிறது மேலிடம்.
எங்களிடம் இருப்பது கைப்பிரதி.
அடித்த கோட்டுக்குக் கீழே நன்றாகவே படிக்க வருகிறது.

போன வாரம்
எதிரொலிக் கருவியோடு ஒரு படகு வந்தது.
பையன்கள் காலை முழுக்க அளந்துவிட்டு
அதே இடத்தில் நாலு மீட்டர் என்றார்கள்.
அடியாக மாற்றிப் பார்த்தேன்.
பதின்மூன்று.
யாரிடம் போய்ச் சொல்வது.

போன் அடித்தது.
மூன்றாம் எண் ஏற்றச் சொன்னார்கள்.
ஏற்றினேன்.