கல்லைத் தொடேன் என்றவள்

கலாமட்டா, நவம்பர். ஆலிவ் அறுவடை.
ஊரெல்லாம் எண்ணெய் வாசம்,
என் கையில் மட்டும் ஸ்பிரிட்.

முப்பது வருடத்துக்கு முன்
இரவல் அங்கி, காலைக் கடிக்கிற செருப்பு.
நூற்றுப்பத்துப் பேர் ஒரே குரலில்
யாரும் கும்பிடாத தெய்வங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம்.
பாதிச் சொற்கள் எங்களுக்கே விளங்காத பழங்கிரேக்கம்.
பின்வரிசையில் யாரோ தும்ம
சத்தியம் ஒரு நொடி நின்று, மறுபடி நடந்தது.

அதில் ஒரு வரி:
கல்லடைப்புக்காரனைக் கத்தியால் தொடேன்.
நான் சிறுநீரகக் கல் எடுப்பவள்.
வாரத்துக்குப் பதினாறு முறை மீறுகிறேன், சம்பளத்தோடு.
கத்தியில்லை, லேசர்தானே என்று நழுவலாம்.
நர்ஸ் பொலிக்ஸேனி விடமாட்டாள்:
"டாக்டர் எவாந்தியா, இன்றைக்கு எத்தனை பொய்?"

'அடிமை' என்றும் ஒரு சொல் வரும் அதில்.
அன்று சிரித்தோம், அருங்காட்சியகச் சாமான் என்று.

நேற்றுப் பின்னிரவு
தோப்பிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள்
வேனின் பின்பக்கம், வலைச் சுருளோடு சுருளாக.
ஒன்பது மில்லிமீட்டர். ஊசிக்கும் அடங்காத வலி.
கணினி எண் கேட்டது.
எண் இல்லை.
மறுபடி கேட்டது, அதே மரியாதையுடன்.
பதினொரு சுழியம் அடித்தேன்.
பொலிக்ஸேனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயக்க மருந்து ஏறுமுன்
அவன் என் மணிக்கட்டைப் பற்றி ஒன்று சொன்னான்
உடைந்த கிரேக்கத்தில், இரண்டு முறை.

நடையில் தோப்புக்காரர் ஸ்டமாட்டிஸ் வுர்லிஸ்
சாவியைச் சுழற்றிக்கொண்டு:
"என்ன சொன்னான்? திங்கட்கிழமை ஏணி ஏறுவானா?"
நல்ல மனிதர்தான். என் அம்மாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.
வருடம் தவறாமல் ஒரு தகரம் எண்ணெய் அனுப்புகிறவர்.
"அவனைக் கேளுங்கள்."
"நான்தானே கொண்டுவந்தேன்?"
"ஆமாம். அவனைக் கேளுங்கள்."

இந்த வருடம் எண்ணெய் வராது.

செத்துப்போன தெய்வங்களே,
கத்திக் கணக்கில் பட்ட கடன் அப்படியே கிடக்கட்டும்.
வட்டியை இந்த வாயால் கட்டிவிடுகிறேன்,
திறக்காமல்.

என்னதான் சொன்னான் என்று
இவ்வளவு தூரம் கூட வந்த நீங்களும் கேட்பீர்கள்.
கல்லைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன்:
பழுப்பு. முள் முள்ளாக.
ஓர் ஆலிவ் கொட்டையில் பாதி இருந்தது.
உடைத்தபின், ஒரு சிட்டிகை மணல்.