பெயர், ஊர், எடை

மூடுபனி விலகினால் ஒன்பது மணிக்கு விமானம்.
ஆறு இருக்கை, ஒற்றை இன்ஜின்.
ஏறுமுன் என் மேசைக்கு வந்து
ஒவ்வொருவரும் மூன்று சொல்ல வேண்டும்:
பெயர், இறங்கும் ஊர், எடை.

முதல் இரண்டும் உரக்க வரும்.
மூன்றாவதற்குக் குனிவார்கள்,
கடன் பாக்கியைச் சொல்வதுபோல.

பதினோரு குளிர்காலம் இந்த மேசையில்.
குஸ்கோக்விம் ஆறு உறைவதையும் உடைவதையும்
இந்தச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன்.
"சொல்லும் எடையோடு பத்து பவுண்டு கூட்டி எழுது,
உடுப்புக்கு இன்னொரு பத்து"
முதல் நாளே பைலட் எஃபிம் சொல்லிவைத்தது.
உடுப்புக்குச் சரி, முதல் பத்து எதற்கு என்றேன்.
"அது பொய்க்கு" என்றான், காப்பியை ஊதிக்கொண்டே.

பொய்யென்று நானும் நாலைந்து வருடம் நம்பினேன்.

வசீலி எப்போதும் நூற்று எழுபது.
காவல்படையில் சேர்ந்த அன்று நிறுத்த எடை.
அதன்பின் இரண்டு கல்யாணம்,
ஒரு முழங்கால் அறுவை,
எத்தனையோ கோடையின் சால்மன்.
சரக்குத் தராசில் ஏற்றினால்
இருநூற்று இருபதில் போய் நிற்கும் முள்.
"ஒலிங்கா, உன் தராசுக்குக் குளிரில் ஏதோ ஆகிவிட்டது"
என்பான். விளையாட்டுக்கு இல்லை.
மெய்யாகவே திகைத்திருக்கும் முகம்.

ஒஹாயோவிலிருந்து வந்த ஆசிரியை கோரின்
பூசினாற்போலக் கூட இருக்கமாட்டாள்.
"நான் கனம், என்னை நடுவில் உட்காரவையுங்கள்,
விமானம் சாய்ந்துவிடும்" என்று கெஞ்சுவாள்.
நூற்றுப் பதினெட்டு.
நம்பாமல் இறங்கி
பூட்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறுவாள்.
குறைந்ததைப் பார்த்தும்
அவளுக்கு ஆறுதல் வந்ததில்லை.

அதே தராசில்தான் நாய்த்தீனி மூட்டை,
படகு மோட்டார், டயாப்பர் பெட்டி எல்லாம்.
அவை மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை.
குழந்தைகளோ ஓடிவந்து ஏறுவார்கள்.
கூடியிருந்தால் கைதட்டுவார்கள்.
சட்டைப் பையில் ஆற்றுக்கல் போட்டுக்கொண்டு
ஏறியவன் ஒருவன் உண்டு.
எந்த வயதில் அந்தக் கல்லை
எடுத்துப் போடுகிறோம், தெரியவில்லை.

பிப்ரவரியில் அகாஃபியா வந்தாள்.
ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் இருந்துவிட்டு
குவெத்லுக் திரும்புகிறாள்.
"நூற்று அறுபத்தைந்து" என்றாள் நிமிர்ந்து,
போன இலையுதிர்காலத்தில் சொன்ன அதே எண்.
மஸ்க்ராட் தோல் அங்கி அவள்மேல்
ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

அன்று பாரம் முழுக்க இருந்தது.
எல்லோரையும் நிறுக்கச் சொல்லிவிட்டான் எஃபிம்.
ஏறினாள்.
அங்கி, பூட்ஸ், கையுறை எல்லாம் சேர்த்து
நூற்று நாலு.

முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
தவறான வீட்டுக்கு வந்த கடிதத்தை
முகவரி பார்க்கிற மாதிரி.
பிறகு மெல்ல,
"இது என்னை முழுசாக நிறுக்கவில்லை" என்றாள்.

"பழைய தராசு" என்றேன்.

பட்டியலில் எழுதியிருந்த நூற்று அறுபத்தைந்தை
நான் அடிக்கவில்லை.
பக்கத்தில், எஃபிம் கண்ணுக்கு மட்டும் படும்படி,
பென்சிலில் சின்னதாக நூற்று நாலு.
அவன் படித்தான். ஒன்றும் கேட்கவில்லை.
கனத்தவர்களுக்கு என்று வைத்திருக்கும்
முன் இருக்கையில் அவளை உட்காரவைத்து
பெல்ட்டை இழுத்தான், இழுத்தான்,
இழுத்துக்கொண்டே இருந்தான்.

மிச்சமான அறுபத்தொரு பவுண்டுக்கு
மூன்று நாளாய்க் காத்துக்கிடந்த
பால்பவுடர் பெட்டிகள் ஏறின.
அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

விமானம் மேகத்துக்குள் போனபின்
கொட்டகையில் நானும் தராசும்.
அதன்மேலிருந்த பூட்ஸ் பனியைத் துடைத்தேன்.
துடைக்கும்போது கை பட்டு முள் ஆடியது.
நான் ஏறவில்லை.
என் எடை எனக்குத் தெரியும்,
நூற்று ஐம்பத்திரண்டு.
தெரிந்து எட்டு வருடமாகிறது.