இரண்டு பர்னர் அடுப்பு

வேளச்சேரியிலிருந்து திருவான்மியூர் வரை ஜெர்மன்.
இந்திரா நகர் தொடங்கி கிரீன்வேஸ் சாலை வரை ஜப்பானியம்.
மந்தைவெளிக்குப் பிறகு,
பூங்கா நகரில் இறங்கும்வரை இத்தாலியன்.
பறக்கும் ரயில் லேட்டாகக் கிளம்பினால்
அன்றைக்கு ஜெர்மன் கொஞ்சம் கூடுதலாக வரும்.

"எந்த நாட்டுக்கு மேடம்?" என்று
பெரியமேட்டில் எல்லாரும் கேட்டாயிற்று.
தோல் ஏற்றுமதிக் கணக்கு எழுதுகிறேன்.
தோல் போகும், கண்டெய்னர் போகும்,
கணக்கு எழுதியவள் போகவேண்டியதில்லை.
பாஸ்போர்ட்டே இல்லை என்றேன்.
அதற்குப்பின் கேட்பதை விட்டுவிட்டு
ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஜெர்மன்காரருக்குக் கரண்டி ஆண்,
முள்கரண்டி பெண்,
கத்தி ரெண்டுமில்லை.
ஒரே தட்டோரம் மூன்று பால்.
பிசைந்து சாப்பிடுகிற கைக்கு
இந்தத் தகராறு எப்படி ஏறும்?
இன்னும் கத்தியை ஆண் என்றே எழுதி
எனக்கு நானே சிவப்பு மையில் சுழிக்கிறேன்.

ஜப்பானியத்தில் வினைச்சொல்
நம் ஆள் மாதிரி,
எல்லாரும் உட்கார்ந்தபின் வந்து
கடைசி இலையில் உட்காரும்.
எழுத்துதான் படுத்துகிறது.
அடியில் ஒரு சின்னக் கோடு கூடிவிட்டால்
மரம் புத்தகமாகிவிடும்.

இத்தாலியனில் சொல்லுக்குச் சொல்
வாலில் ஓர் உயிர் ஒட்டியிருக்கிறது.
பஸ்ஸு, லைட்டு, காரு என்கிற வாய்க்கு
அது பக்கத்துத் தெரு.

புயல் வந்த டிசம்பரில் நாலு நாள் கரண்ட் இல்லை.
முதல் நாள் சாயங்காலமே போன் செத்தது.
நூற்றுப் பன்னிரண்டு நாள் விடாமல் சேர்த்த கணக்கு,
போன் உயிர் பெற்றபோது
பூஜ்யம் என்று காட்டியது.
அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.
கீழ்வீட்டு புளோராவின் பீரோ
குப்புற மிதந்த வாரத்தில்
எனக்கென்ன அழுகை?

ஆனால் அந்த ராத்திரி
மெழுகுவர்த்தியோடு மாடிப்படியில் நின்று
தண்ணீரை எண்ணியது நினைவிருக்கிறது.
ஊனோ.
தூவே.
த்ரே.
நாலாவது படி முழுகியபோது
குவாத்ரோ என்று சத்தமாகவே சொன்னேன்.
அதை எந்தச் செயலியும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என் வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பு.
மூன்று பாத்திரம் என்றால்
ஒன்று எப்போதும் மேடையில் ஆறிக்கொண்டிருக்கும்.
சொன்னபோது குடோன் இம்தியாஸ் சிரித்தான்:
"இறக்கி வெச்சாதான் மேடம் தம்மு."
நல்லாயிருக்கிறதே என்று
ஒரு மாதம் இத்தாலியனை மூடி வைத்தேன்.
திறந்தால் ஊசிப்போன வாடை.
பிரியாணிக்குச் சரியாக வருவது
இறந்தகால வினைக்கு வருவதில்லை.

இப்போது முறை வைத்துத் திட்டுகிறேன்.
ஜெர்மன் கசந்தால் ஜப்பானியத்துக்கு ஓடுகிறேன்,
அது முறைத்தால் இத்தாலியனுக்கு,
அங்கும் ஒட்டாமல் மறுபடி
கரண்டி முள்கரண்டிக்கே.
ஊக்கம் என்று என்னிடம் தனியாக எதுவும் இல்லை.
தப்பி ஓட மூன்று வாசல் இருக்கிறது,
மூன்றும் ஒரே வீட்டுக்குள் திறக்கிறது.

போன செவ்வாய் கோட்டூர்புரத்தில் நல்ல கூட்டம்.
ஆற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கியதில்
ஒருவர் காலை மிதித்துவிட்டேன்.
கையில் ஸ்கேன் சென்டர் உறை,
கண் எங்கோ.
யோசிக்கவே இல்லை,
"சுமிமாசென்" என்றது வாய்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"பரவால்லம்மா" என்றார்.

பத்து மாதமாகச்
சுவரிடமும் ஜன்னலிடமும் போனிடமும் பேசிய மொழியில்
முதல்முறையாக ஒருவர்
எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

மந்தைவெளியில் அவர் இறங்கிப் போனார்.
அட்டவணைப்படி இனி இத்தாலியன்.
லைட் ஹவுஸ் வந்தது, திருவல்லிக்கேணி வந்தது,
நான் இன்னும் ஜப்பானியத்திலேயே
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.