இருபது டிகிரி

பேட்டை, பகல் ஷிப்டு, சித்திரை.
லேத்திலிருந்து இறங்கிய தண்டு
கை பொறுக்காத சூடு.
எண்பதுக்கு மேல்
பதினெட்டு மைக்ரான். திரையில் சிவப்பு.

"இன்னொரு வெட்டு போடும் வே, லாரி நிக்கி"
என்றார் மானேஜர்.

நான் டிப்ளமோதான்.
சலானின் முதுகில் பெருக்கினேன்:
எஃகு, எண்பது மில்லி, இருபத்தைந்து டிகிரி கூடுதல்.
இருபத்துமூன்று மைக்ரான் வெறும் சூடு.
"வெட்டினா ராத்திரி லூசாயிரும் சார்."

வரைபடத்தின் மூலையில்
பொடி எழுத்தில் கிடக்கும் இருபது டிகிரி
இந்த ஊருக்கு மார்கழி விடியலிலும் வந்ததில்லை.
ஏசி போட்ட அளவறையில் மட்டும்
வாடகைக்கு இருக்கிறது.
அங்கே தண்டைப் படுக்கவைத்தோம்.
லாரிக்காரர் மூன்றாவது டீ சொன்னார்.

ஆறரைக்கு இசக்கிராணி அளந்தாள்.
எண்பதுக்கு ஐந்து மைக்ரான் குறைவு.
பச்சை.

மானேஜர் சலானைத் திருப்பி
என் பெருக்கலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு முன்பக்கம் கையெழுத்துப் போட்டார்.