அரைநாள் கூலி

ஈஸ்டர் ஞாயிறு, காலை ஏழரை.
துறைமுகத்தில் குண்டு விழுந்த இடத்தில்
சுடலைமுத்துவின் கரிக்கூடை மட்டும் கிடைத்தது.
நான் பிறக்க இன்னும் மூன்று மாதம்.

ஒன்பது வயதில், கொச்சிக்கடைச் சந்தியில்
யூனியன் கபூர் பேப்பரை உரக்க வாசித்தார்:
தோற்ற ஜப்பானிடம்
ஒரு சதமும் கேட்கமாட்டோம் என்று
இலங்கை சொல்லிவிட்டதாம்.
முதல் யுத்தத்தில் தோற்றவனைப் பிழிந்ததால்தான்
இரண்டாவது வந்தது என்றார்.
கைதட்டினார்கள். நானும்.

அம்மா கேட்டாள்:
"யாரைக் கேட்டுச் சொன்னாங்க?"

அவளைக் கேட்டிருக்க முடியாது.
அவள் இந்த நாட்டுக்காரி இல்லையென்று
மூன்று வருஷம் முன்பே சட்டம் போட்டாயிற்று.
அவள் புருஷனின் சாவு மட்டும்
நாட்டுக்குச் சொந்தம்.

கபூர் சொன்னது சரிதான்.
இன்றும் அதையே சொல்வேன்.

இப்போது வயது எண்பது.
மண்ணெண்ணெய்க் கியூவில் விடிந்துவிட்டது.
முன்னால் நிற்பவரின் பேப்பரில்
நாம் கட்ட முடியாமல் கைவிரித்த கடன்காரர் பட்டியல்;
அதில் ஜப்பான்.
தவணை கேட்டுப் போகிறார்களாம் நம்மவர்கள்.

கேன்மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.
அந்த ஞாயிற்றுக்குக் கம்பெனி தராத
அரைநாள் கூலி, எண்பது வருஷம்.
வட்டி போடத் தொடங்கும்போது
கியூ நகர்ந்தது.
கேனைக் காலால் தள்ளினேன்.